ராமசுப்பு தாத்தா செய்த பாவங்கள்

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசி பாதி கழிந்தும் செவல்பொட்டலில் ஒரு சொட்டு மழை விழவில்லை. ஊருணித் தரை பாளம் பாளமாக வெடித்ததில், ஆண்டிச்சாமியின் ஆட்டுக்குட்டி ஒன்று வெடிப்புக்குள் விழுந்து எம்.ரெட்டியபட்டிப் பக்கமாக ஏறி வந்தது. நம்பாதவர்கள் அந்தக் குட்டியையே கேட்டுக்கொள்ளலாம்.

ஊர் கூடி, கொடும்பாவி கட்டி இழுப்பது என்று முடிவு செய்தது. எவனோ ஒரு பாவியால்தான் மழை நின்றுபோகிறது. அந்தப் பாவியை வைக்கோலில் செய்து, தெருத்தெருவாக இழுத்து, அவன் செய்த பாவங்களைச் சொல்லித் திட்டி, மாரடித்து ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் எரித்துவிட்டால் வானம் மனம் இரங்கும். இது பல ஊரிலும் உள்ள வழக்கம்தான். செவல்பொட்டலில் மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் இருந்தது. ஒப்பாரி வைக்கிறவள் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சிரித்தால்தான் மழை.

பாண்டிய ராஜா காலத்துச் சட்டம் என்று ஊரே நம்பியது. உண்மையில் அதைப் போட்டவர் ராமசுப்பு தாத்தா; எண்பத்து மூன்று வறட்சியின்போது, டீக்கடை பெஞ்சில், வடையைக் கடித்துக்கொண்டே போட்டார். "பஞ்சத்துல ஊரே மூஞ்சியத் தொங்கப் போட்டுத் திரியுது. ஒரு நாளாச்சும் சிரிக்கட்டுமே" என்று பேத்தி சுமதியிடம் மட்டும் ரகசியம் சொன்னார். அதிலிருந்து மழை பொய்த்த வருஷமெல்லாம் கொடும்பாவி கட்டியது அவர்தான். கண் சிமிட்டும் கொடும்பாவி, தும்மும் கொடும்பாவி, பெரிய மனிதர்களைக் கண்டால் மட்டும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடும் கொடும்பாவி! வேட்டி இறங்கிய அன்றைக்கு ஊர் சிரித்த சிரிப்பில் திருச்சுழிச் சந்தை மாடெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

அந்த ராமசுப்பு ஆனி மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யார் செய்வது?

"நான் செய்யுறேன்" என்றாள் சுமதி. அருப்புக்கோட்டையில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறவள், லீவு போட்டு வந்திருந்தாள்.

சித்தப்பா ஆண்டிச்சாமி உதட்டைப் பிதுக்கினார். "தாயி, இது ஜாக்கெட் இல்ல, கொடும்பாவி."

"ரெண்டும் அளவு தப்புனா ஊரு சிரிக்கும் சித்தப்பா. நமக்கு வேண்டியதும் அதானே?"

"யாரு, ஒப்பாரி வைக்கிற பொன்னுத்தாயி சிரிப்பாளா? ஒங்க தாத்தா போனதுலருந்து அவளுக்குப் பல்லு இருக்கான்னு அவ புருசனுக்கே சந்தேகமாயிருச்சு. இந்தா பாரு, அவ சிரிக்கலைன்னா இனிமே கொடும்பாவி என் பொறுப்பு. வேடிக்கை கீடிக்கை கெடையாது. வெளக்கமாத்தால அடி, தீய வையி, வீட்டுக்குப் போ. அம்புட்டுத்தான்."

"சரி சித்தப்பா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். ஊர் மொத்தமும் சேர்ந்து சிரிக்கிற அந்த ஒரு நாளைத்தான் தாத்தா ஊருக்கு விட்டுப் போயிருந்தார். அது தன் கையாலேயே தொலைந்துவிட்டால்?

கொடும்பாவிக்கு வீட்டுக்கு ஒரு சாமான் வர வேண்டும். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, ஒரு வீடும் விடுபடக் கூடாது. இதுவும் தாத்தாவின் சட்டமே. சுமதி வீடு வீடாகப் போய், "எதுக்கும் ஒதவாமச் சும்மா கெடக்குற சாமான் ஒண்ணு குடுங்க" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. செவல்பொட்டலில் எந்தப் பொருளும் சும்மா கிடப்பதில்லை. ஓட்டைப் பானையில் கோழி அடைகாக்கும். கிழிந்த சாக்கு மாட்டுக்குப் போர்வையாகும். எதற்கும் உதவாமல் கிடந்தவை, ராமசுப்பு தாத்தா கண்டுபிடித்து ஆசையாசையாகக் கொடுத்த கருவிகள் மட்டும்தான்!

அத்தனையும் வந்து குவிந்தன. நடக்க நடக்க விதை விழ வேண்டிய செருப்பு; விழுந்தது என்னவோ போட்டவர்தான். மழைத் தண்ணீரைக் குழாய் வழியாகச் செம்பில் பிடித்துத் தரும் குடை, மழைதான் பாக்கி. தொட்டிலை ஆட்டினால் தானே வீசும் விசிறி. பிள்ளை முழித்திருக்கும், ஆட்டுகிற ஆள் குறட்டை விடுவார். பருத்திக் காட்டில் குருவி விரட்ட, சைக்கிள் செயினையும் தகரத்தையும் கோத்துச் செய்த யந்திரம். குருவிகள் அங்கேயே இருந்தன, காட்டுக்காரர்தான் ஓடிப்போனார்.

சுமதி வைக்கோலைத் திணித்து உடம்பைத் தைத்தாள். செருப்பைக் காலில் மாட்டினாள், குடையைக் கக்கத்தில் செருகினாள். தலைக்கு, பொன்னுத்தாய் கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின். தூக்கி நிறுத்திவிட்டு எட்ட நின்று பார்த்தாள். லேசான கூனல், கக்கத்துக் குடை, எதையோ சொல்ல ஓடி வந்தது போல ஒரு கால் முன்னால். சாட்சாத் தாத்தா!

மாற்ற நேரமில்லை. கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

தெருவில் ஊர் விளக்குமாறும் கையுமாகக் காத்திருந்தது. கொடும்பாவியைக் கண்டதும் ஓங்கிய கைகள் தாழ்ந்தன. கொட்டு நின்றது. யாரோ தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். "எங்க பெரியப்பால்ல!" என்று ஆண்டிச்சாமியே முனகினார்.

பொன்னுத்தாய் முன்னால் வந்து மாரில் கை வைத்தாள். உதடு நடுங்கியது. அழப்போகிறாள், அதுவும் நிஜ அழுகை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்த சுமதி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கத்தினாள்.

"அத்தை! இவன் கொடும்பாவி! என்ன பாவம் செஞ்சான்னு மொதல்ல சொல்லணும். பாவத்தச் சொல்லாம அழக்கூடாது!"

பொன்னுத்தாய் திகைத்தாள். டின்னைப் பார்த்தாள். சட்டென்று குரல் ஏறியது.

"ஒண்ணா ரெண்டா மாமா நீ செஞ்ச பாவம்! ஊருணிய யாரும் தூர்வார வரலைன்னு, சினிமா எடுக்குறாகன்னு புளுகுனியே! இந்தா, இந்த டின்னுல ஓட்டையப் போட்டுக் கேமரான்னு காட்டுனியே! நாந்தான் கதாநாயகின்னு சொன்னியே! கல்யாணச் சீலையக் கட்டி, பவுடரப் பூசி, மண்ணு சொமந்தேனே! இன்னொரு டேக்கு, இன்னொரு டேக்குன்னு ஊருணி முச்சூடும் வார வச்சியே! படம் எங்க மாமா?"

கூட்டத்தில் ஒரு 'களுக்'.

"எனக்கு வில்லன் வேசம் குடுத்தாரு" என்று மேலத்தெரு நல்லகண்ணு முன்னால் வந்தார். "மொறச்சுக்கிட்டே வெட்டுன்னாரு. மொறச்ச கண்ணு இன்னும் நேராகல!"

"அவரு புண்ணியமும் செஞ்சாருல்ல?" என்றார் கீழத்தெரு காளீஸ்வரன். "நம்ம ரெண்டு தெருவும் பேசாம இருந்தப்போ, மேலத்தெருக்காரவுக மன்னிப்புக் கேக்குறாகன்னு எங்ககிட்ட வந்து சொன்னாரு."

நல்லகண்ணு திடுக்கிட்டார். "நாங்க எங்கய்யா கேட்டோம்? நீங்க கேக்குறீகன்னுல்ல எங்ககிட்டச் சொன்னாரு!"

"நாங்களும் கேக்கலையே!"

"அடப்பாவி!" என்றது இரண்டு தெருவும் ஒரே குரலில்.

"ஏலே, தள்ளுங்க, என் பாவத்தக் கேளுங்க!" ஆண்டிச்சாமி முட்டி மோதிக்கொண்டு வந்தார். "என் கல்யாணத்துக்கு மைக்செட்டு கட்டுறேன்னு தகரப் புனலக் கட்டுனாரு. உள்ள குளவிக் கூடு! தாலிய எடுக்குற நேரத்துல அம்புட்டும் கௌம்பிருச்சு. மல்லாங்கிணறு வரைக்கும் ஓடுனேன். பொண்ணும் பின்னாலயே ஓடி வந்தா. அங்க வச்சுல்ல தாலி கட்டுனேன்!"

பொன்னுத்தாய் வாயைச் சீலையால் பொத்தினாள். தோள் குலுங்கியது. சீலையையும் மீறிப் பிய்த்துக்கொண்டு வந்த சிரிப்பில் கொட்டுக்காரரின் தவில் தானாக அதிர்ந்தது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தது. சுமதி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

எல்லைக்கு வந்தார்கள். தீப்பந்தத்தை வாங்கிய ஆண்டிச்சாமி, கொடும்பாவி முகத்தைப் பார்த்துவிட்டுச் சுமதியிடம் நீட்டினார்.

"நீயே வையி தாயி. அடுத்த வருசமும் நீதான்."

"மழை பேஞ்சா அடுத்த வருசம் கொடும்பாவி கெடையாதே சித்தப்பா?"

ஆண்டிச்சாமி யோசித்தார். வானத்தைக் கவலையோடு பார்த்தார். "பேஞ்சா என்ன? நனைஞ்சுக்கிட்டே இழுப்போம்."

சுமதி பந்தத்தைத் தாழ்த்தினாள்.

"ஏய், நில்லு நில்லு! எங்க வீட்டுப் பாவத்தச் சொல்லவே இல்லையே!" என்று பின்னாலிருந்து அழகுத்தாய் கத்தினாள். "எங்களதும்!" "மொதல்ல நாங்கதான்!" என்று காலனிப் பக்கமிருந்து ஒரு பட்டாளமே இடித்துக்கொண்டு வந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் சுமதி. "கை சுடுது."