கிதாரில் அரிசியளவு பள்ளம்

1

இந்தக் கதை உள்ளக் குமுறலில் பிறந்ததல்ல. எங்கள் மன்றத்து ஆண்டு மலரில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. “தொழிலும் கலையும் கைகோக்கிற மாதிரி ஒன்று கொடுங்கள், சார்” என்றார்கள். கொடுக்கிறேன்.

“நெய்வேலி வானில் புகைபோக்கிகள் மோனத்தவம் செய்துகொண்டிருந்த அந்த…”

வேண்டாம். புகைபோக்கிகள் புகைதான் விட்டுக்கொண்டிருந்தன.

2

1981. மருதாசலம் சுரங்கத்தில் பெரிய அதிகாரி. அவரிடம் ஒரு கிதார் இருந்தது. அதை வாசிப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதில் தேர்ந்தவர். அவருக்குக் கீழே கான்ட்ராக்டில் வேலை பார்த்த பழனிவேல், தனக்குக் கம்பி மாற்றத் தெரியும் என்று வாயை விட்டுவிட்டான்.

“ஆண்டு விழாவுல நான் வாசிக்கோணும். பத்திரமா மாத்திக் கொண்டா. உன்ற பர்மனென்ட் விசயத்தையும் அன்னிக்கே பேசிப்போடலாம்.”

(பர்மனென்ட்: இந்த ஊரில் மோட்சத்துக்கு வழங்கும் பெயர். இதற்குச் சாகவேண்டியதில்லை, காத்திருந்தே செத்தவர்கள் உண்டு.)

பக்கத்துக் கிராமமான வடக்குத்தில், அவன் வீட்டு வாசலில், பழைய கம்பிகளைக் கழற்றும்போது குறடு வழுக்கியது. விரல் வைத்து வாசிக்கும் பலகையில் அரிசியளவு மரம் பெயர்ந்து தெறித்தது. சில்லைத் தேடினான். கோழி முந்திக்கொண்டது.

3

(இங்கே பழனிவேல் கதறி அழுவதாக எழுதியிருந்தேன். அவன் மனைவி கண்ணகி விடவில்லை.)

“இன்னாய்யா, தலையில கை வச்சிக்கினு குந்தியிருக்க? அதே கலருல எதுனா வச்சி அப்பு.”

“அது சீமை மரமாம். எங்கன்னு போயித் தேடுவேன்?”

“அடுப்பாண்ட கெடக்குதே, அது இன்னா கலரு?”

அடுப்பாண்ட கிடந்தது பழுப்பு நிலக்கரி.*

இடித்து, துணியில் சலித்து, மரப்பசையில் குழைத்துப் பள்ளத்தில் அப்பினார்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் தடவி, புதுக் கம்பி கட்டினான். பள்ளம் இருந்த இடம் அவனுக்கே தெரியவில்லை.

* இதுவும் மரம்தான். மண்ணுக்கடியில் சர்வீஸ் அதிகம்.

4

விழா மேடைக்குப் பின்னால் மருதாசலம் பலகையைத் தடவினார். விரல் கறுத்தது. சுற்றி நின்ற அதிகாரிகளிடம் நீட்டினார்.

“பாத்தீங்களா? அசல் சீமை மரம்னா இப்படித்தானுங்க சாயம் எறங்கும். நம்மூரு மரத்துல வருமா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த உற்சாகத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தார். அப்பியதில் ஒரு துணுக்கு உதிர்ந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் நிலக்கரி வெட்டவைத்தவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

தலையாட்டியவர்களைப் பார்த்தார். பிறகு பழனிவேலைப் பார்த்தார்.

5

“மருதாசலம் கண்கலங்கி, பழனிவேலைக் கட்டித்தழுவி…”

ச்சீ.

“‘கொண்டு போடா இதை’ என்று கர்ஜித்தவர்…”

அப்புறம் அத்தனை பேர் முன்னால் சாயம் போவது யாருக்கு?

என் சங்கடம் இதுதான். அவனுக்கு பர்மனென்ட் கொடுத்தால் கதை விடுகிறேன் என்பீர்கள். கொடுக்காவிட்டால் இலக்கியம் என்பீர்கள். இரண்டாவதுக்கு ஆசைப்பட்டுப் பேனாவை எடுத்தேன். கண்ணகி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களால ஆவலன்னா வுடுங்க சார். படிக்கறவங்களாண்ட நான் கேட்டுக்கறேன்.”

மருதாசலம் வாயைத் திறந்துவிட்டார். என்ன சொல்லவேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். பார்த்துச் சொல்லுங்கள்; அவள் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.