பல்லில் தண்ணி படாமல்

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து சேராமல் ஒரு பெண்ணின் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். இது மயில்சாமிக்கும் தெரியும், அவனுடைய அக்காள் மகன் மோகன்குமாருக்கும் தெரியும். அதனால் போனில் ரெண்டு பேரும் வளவளவென்று பேசிக்கொள்ளவில்லை.

“மாமா, அம்மா போயிருச்சுங்க. ரயில்ல வந்தீங்கன்னா ஆகாதுங்க. பிளேன்ல வாங்க. நம்ம தேங்காய் போற மண்டிக்காரர்கிட்டச் சொல்லியிருக்கறனுங்க, அவரு ஆளு டிக்கெட்டோட வந்து உங்களைக் கூட்டிட்டுப் போவானுங்க. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எடுக்கோணும். நீங்க வந்தாத்தானுங்க எடுக்க முடியும்.”

“சரி மாப்ள. வந்தர்றன்.”

மும்பைக்குப் பக்கம் பிவண்டியில் ஒரு விசைத்தறிப் பட்டறையின் ஆபீஸ் ரூம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அழலாம் என்று பார்த்தால் அழுகை வரவில்லை. வந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

வயசுப் பையனாக உடுமலைப் பக்கமிருந்து தறி ஓட்டப் போனவன், தலை நரைத்தும் அங்கேதான் ஓட்டிக்கொண்டிருந்தான். கலியாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், கடைசியில் யாரும் பேச்செடுக்காமலே நின்றுபோனது. பட்டறையில் அவனுக்கு மதராசி என்று பேர். மயிலு என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருத்தி இருந்தாள், அவனுடைய அக்காள் சாமியாத்தாள். இனி அந்தப் பேரைச் சொல்ல ஆளில்லை.

கடை சாத்துவதற்குள் ஓடிப் போய் அரக்குச் சிவப்பில் ஒரு சேலை எடுத்தான். கோடிக்குப் பேரம் பேசக் கூடாது என்று கேட்ட விலையைக் கொடுத்தான். எடுத்த நிமிசத்திலிருந்து அவன் அம்மா சொல்லிவைத்த வழக்கம் தொடங்கிவிட்டது. கோடி கொண்டு போகிறவன் அதைத் தரையில் வைக்கக் கூடாது. பிணத்தின் மேல் போடுகிற வரைக்கும் பல்லில் தண்ணி படக் கூடாது. வழியில் பார்க்கிறவர்களிடம் இன்னதுக்குப் போகிறேன் என்று சொல்லக் கூடாது. அம்மா செத்தபோது அவனுடைய மாமன் அப்படித்தான் வந்தார். அவர் வாசலில் கால் வைத்ததும் பொம்பளைகள் எல்லாரும் ஒரே குரலாக, பொறந்தவன் வந்துட்டான், கண்ணு முழிச்சுப் பாரு என்று அவர் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். சின்ன வயசில் கேட்டது, உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்காளின் முகத்தைப் பார்க்க வேண்டும், பொழுதோடு போய்ச் சேர வேண்டும். அதோடு, வெளியில் சொன்னால் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அந்தக் குரலையும் ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. நானும் ஒருத்திக்குக் கூடப் பிறந்தவன் என்று நாலு பேர் வாயால் கேட்க வேண்டும்.

காலையில் மண்டிக்காரருடைய ஆள் விமான நிலையத்து வாசலைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டான். உள்ளே சுங்குடிச் சேலையும் நெற்றியில் திருநீறுமாக ஒரு அம்மாளைப் பார்த்தான். அந்தம்மாள் நின்ற வரிசையில் நின்று, அந்தம்மாள் நடந்த பக்கம் நடந்தான். உட்காரும் இடமும் அவர் பக்கத்திலேயே அமைந்தது.

மஞ்சள் பையை மடியில் வைத்து, அதற்கு மேல் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டான். ஏர்ஹோஸ்டஸ் பெண் வந்து பையை மேலே வைக்கச் சொல்லிச் சாடை காட்டினாள். அவன் தலையாட்டி மறுத்தான். அப்படியானால் காலடியில் வை என்று காட்டினாள். கோடியைக் காலடியில் வைப்பதா? அதற்கும் மறுத்தான். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப்போனது.

பக்கத்து அம்மாள் சிரித்தார். “ஏனுங்க, கோயமுத்தூருங்களா?”

“உடுமலைப் பக்கமுங்க.”

“நான் ஆரெஸ்புரமுங்க. பத்மாவதி. பையன் இங்க வேலைல இருக்கறான். தங்கச்சி புள்ளைக்குக் கண்ணாலம், அதுக்குப் போறனுங்க. பாருங்க, நானும் உங்களாட்டத்தான், முகூர்த்தச் சேலைய மேல போட மனசு வல்லை.” தன் மடியிலிருந்த துணிப்பையைத் தட்டிக் காட்டினார். “உங்குளுதும் சேலைங்களா?”

“ஆமாங்க.”

“ஆருக்குங்க?”

“அக்காளுக்குங்க.”

“அக்காளுக்குச் சேலை எடுத்துட்டுப் போற தம்பி. எனக்கும் ரண்டு பேரு இருக்கறானுகளே, ஒரு ஜாக்கெட்டுத் துணி எடுத்துக் குடுத்திருப்பானுகளா? எங்க காட்டுங்க, என்ன கலருன்னு பாப்பம்.”

பத்மாவதி கையை நீட்டினார். முகூர்த்தச் சேலை வைத்திருக்கிற கை. மயில்சாமி வெடுக்கென்று பையை இழுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, வயிற்றோடு வைத்து மூடிக்கொண்டான். அப்புறம்தான் அந்தம்மாளின் முகத்தைப் பார்த்தான்.

“நான் ஒண்ணும் புடுங்கிக்க மாட்டனுங்க” என்றார் அவர்.

“அதுக்கில்லீங்க.”

எதற்கு என்று அவனால் சொல்ல முடியவில்லை. கலியாணத்துக்குப் போகிறவரிடம் என் சட்டைக்குள் இருப்பது பிணத்துக்குப் போடுகிற துணி என்று எப்படிச் சொல்வது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏர்ஹோஸ்டஸ் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டுவந்தாள். பத்மாவதி ரெண்டு மிட்டாய் எடுத்து ஒன்றை அவனிடம் நீட்டினார். கோபம் தங்கும் மனசில்லை அவருக்கு.

“வேண்டாமுங்க.”

“ருசிக்குக் குடுக்கறதில்லீங்க இது. வால்பாறை மலைக்கு பஸ் ஏறறப்ப காதடைக்குமில்லீங்க, அதுக்குப் பத்து மடங்கு இது. வாயில போட்டுச் சப்பிட்டே இருக்கோணும், எச்சி முழுங்கிட்டே இருக்கோணும், அப்பத்தான் காது தொறந்துக்கும். உங்களுக்குச் சளி வேற புடிச்சிருக்குது, மூச்சு உடறப்பவே தெரியுது. ஏறயில விட எறங்கயிலதானுங்க வேதனை.”

“பரவாயில்லீங்க.”

“பஞ்சாச்சும் வெச்சுக்கங்க.”

பஞ்சை வாங்கிக்கொண்டான். காதுக்குப் பக்கம் கொண்டு போனவனுக்கு, அக்காளின் மூக்கில் இந்நேரம் பஞ்சு வைத்திருப்பார்களே என்று தோன்றியது. கையை இறக்கி அதை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டான்.

விமானம் ஓடி எழும்பியபோது அடிவயிறு காலியானது. கட்டிடமெல்லாம் தீப்பெட்டியாகி, கடல் ஒரு ஓரத்தில் சாய்ந்து நின்றது. அக்காளிடம் சொன்னால் நம்ப மாட்டாள் என்று நினைத்தான். நினைத்த பிறகுதான் விசயம் உறைத்தது. வெளியே மேகம், வெள்ளையாக, கழிவுப் பஞ்சைக் கொட்டி வைத்த கிடங்கு மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு ஆளில்லை.

சாப்பாட்டுத் தட்டு வந்தது. வேண்டாம் என்றான். தண்ணீர் வந்தது, வேண்டாம் என்றான்.

“பிளேன்ல தண்ணி குடிச்சுட்டே இருக்கோணுமுங்க” என்றார் பத்மாவதி. “இந்தக் காத்து ஒடம்புல ஈரத்தையெல்லாம் உறிஞ்சிப்போடும். செருப்பக் கழட்டி உட்டுக் காலை நீட்டி வெச்சுக்கங்க, இல்லைன்னா வீங்கிக்கும். நான் பேசறது தொந்தரவா இருக்குதுங்களா?”

“இல்லீங்க, பேசுங்க.”

உண்மையாகவே சொன்னான். அவர் பேச்சில் இருந்த ஊர் வாடை அவனுக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்தம்மாள் உபசாரத்துக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் விமானம் குலுங்கியபோது எல்லாரும் முழித்துக்கொண்டார்கள். இறங்க ஆரம்பித்திருந்தது. மயில்சாமியின் காதுக்குள் ஒரு கம்பியை விட்டு மெதுவாகத் திருகுகிற மாதிரி வலி கிளம்பியது. பல்லைக் கடித்தான். வலி தாடைக்கு இறங்கி நெற்றிக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“எச்சி முழுங்குங்க” என்றார் பத்மாவதி பதறிப்போய்.

நேற்று ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத வாய். விழுங்க எச்சில் எங்கே இருக்கிறது?

“மூக்கைப் புடிச்சுட்டு, வாயை மூடிட்டு, காத்தக் காதுப் பக்கம் தள்ளுங்க.”

செய்து பார்த்தான். சளி கெட்டியாக அடைத்துக்கொண்டு வலிதான் ரெட்டிப்பானது. அந்தம்மாள் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்து அவன் வாய்க்கு நேராக நீட்டினார். வைராக்கியம் அந்த ஒரு நிமிசம் ஆடிப்போனது. சட்டைக்குள் கை வைத்துச் சேலையைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம்தானே. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சக்கரம் கோயமுத்தூர் பீளமேட்டுத் தரையைத் தொட்டபோது ரெண்டு காதும் ஒன்றாக மூடிக்கொண்டன. வலி குறைந்தது. கூடவே சத்தமும் போனது. ஜனங்கள் எழுந்து நின்று பெட்டியை இறக்கினார்கள், வாயசைத்துச் சிரித்துக்கொண்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. பத்மாவதி அவன் காதைக் காட்டி என்னவோ சொன்னார். ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்பதாக இருக்கலாம். அவன் கும்பிட்டான். அவர் முகூர்த்தச் சேலையை அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வெளியே மோகன்குமார் காரோடு நின்றிருந்தான். “காதடைச்சுப் போச்சு மாப்ள” என்று மயில்சாமி சொன்னது அவனுக்கே கிணத்துக்குள்ளிருந்து வந்தது. மோகன்குமார் தலையாட்டிவிட்டு டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னான். மனசு முழுக்க வேற ஆயிரம் வேலை இருக்கிற முகம்.

கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சியில் ஒரு பேக்கரி முன்னால் வண்டி நின்றது. மோகன்குமார் டீயும் பன்னும் வாங்கித் தின்றான். மாமனுக்கும் ஒரு டம்ளர் நீட்டினான். மயில்சாமி சட்டைக்குள் இருந்ததைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினான். மோகன்குமாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் மாமனை ஒரு பார்வை பார்த்தான். அடப் பாவமே, இதையெல்லாம் இப்ப யாருங்க பார்க்கறாங்க என்கிற பார்வை. டீ ஆறுவதற்குள் டிரைவர் அதை வாங்கிக் குடித்துவிட்டான்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தென்னை மட்டைக்குக் கீழே இறங்கியிருந்தது. எடுக்கவில்லை. காத்திருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து இலையில் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். மச்சான், அக்காளின் வீட்டுக்காரர், ஒரு பெஞ்சியில் சுவரில் சாய்ந்திருந்தார். பறைக்காரர் தோள் ஏறி இறங்கியது, குச்சி தோலில் விழுந்தது, சத்தம் இல்லை.

மயில்சாமி சட்டைக்குள்ளிருந்து சேலையை எடுத்து ரெண்டு கையிலும் ஏந்தி வாசலில் கால் வைத்தான். பொம்பளைகள் திரும்பினார்கள். எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தன. ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள், ஒருத்தி அவனைக் கைகாட்டி, அக்காளின் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னாள். தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துப் பழகினவன் அவன். அந்த உதடுகளையும் உற்று உற்றுப் பார்த்தான். அழுகிற வாய் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. அதில் அவன் பேர் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

சேலையை விரித்துப் போட்டான். அக்காளின் முகம் சின்னதாகியிருந்தது. காதோரத்து நரைமுடியை ஒதுக்கிவிட்டான். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள், நேரமாகிறது என்று.

காட்டுக்குப் போய், அடக்கம் செய்து, தலை முழுகிவிட்டு வந்த பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். அக்காள் மகள் ராமாமணி வந்து கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசி மாசமெல்லாம் அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மாமன் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். குனிந்துகொண்டே பேசினாள், முந்தானை வாயை மறைத்தது. நடுவில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் பேசினாள்.

கேக்கலை கண்ணு என்று சொல்ல ரெண்டு தரம் வாயெடுத்தான். அந்த முகத்தைப் பார்த்து நிறுத்த மனசு வரவில்லை. நிறுத்தினால், சத்தமாகச் சொல்லு என்று கேட்க வேண்டும். பந்தலில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பார்க்கும்போதெல்லாம் தலையாட்டினான். கடைசியில் அவள் கையில் முகத்தைப் பொத்தி அழுதாள். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

மூணாம் நாள் காலையில், குனிந்து முகம் கழுவும்போது காதுக்குள் பொட்டென்று ஒரு சத்தம். உடனே எங்கேயோ மோட்டார் ஓடுவது கேட்டது. கோழி கேட்டது. பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிரித்துப் போடுவது கேட்டது. ஒப்பாரி வைத்தவர்கள் எல்லாம் அவரவர் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ராமாமணி கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மயில்சாமி பக்கத்தில் போய் நின்றான். அவனுக்கு மத்தியானம் ரயில்.

“கண்ணு, அன்னைக்குப் பொழுதோட அம்மாவைப் பத்திச் சொன்னியே…”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணில் பயம் தெரிந்தது.

“ஆருகிட்டயாச்சும் சொல்லீட்டீங்களா மாமா?”

“இல்ல கண்ணு.”

“சொல்லிப்போடாதீங்க. அம்மா உங்களுக்கு மட்டுந்தான் சொல்லோணும்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க. எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டே இருந்தனுங்க. நீங்க ஒரு வார்த்தை திருப்பிக் கேக்காம தலையாட்டிட்டீங்க. அப்பறந்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. இனி என்னைய அதைப் பேசச் சொல்லாதீங்க மாமா, எனக்குத் தெம்பில்லீங்க.”

அவள் கை சாம்பலோடு நின்றிருந்தது. மயில்சாமி குனிந்து விளக்கி வைத்த குடத்தை எடுத்துக் கழுவினான். உள்ளே கொண்டு போய் வைப்பதற்கு முன்னால் ஒருதரம் திரும்பினான்.

“சொல்ல மாட்டன் கண்ணு” என்றான்.