சட்டைக்கைக்குள் ஒரு தழும்பு

தையல்காரி அன்று முழுக்கைச் சட்டை போட்டு வந்த காரணம் அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

தையல்காரிக்கு எட்டு வயதில் ஊஞ்சல் பலகை இடித்து உடைந்த மூக்கு. நடுவில் மேடு, மேட்டின் மேல் தழும்பு. இடப்பக்கம் மூச்சே போகாது. ஏற்கெனவே இரண்டு டாக்டர்கள் அவள் கையிலிருந்த தழும்பைப் பார்த்ததும், மூக்கில் வெட்டினாலும் இப்படித்தான் வளரும், ஆபரேஷன் முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். முழங்கைக்கு மேலே சின்னக் கட்டி எடுத்த இடம் அது. கடுகளவு வெட்டு, ஆறே மாதத்தில் நண்டு கால் பரப்பினாற்போல் தடித்து வளர்ந்துவிட்டது.

"வாயைத் திறந்தியோ, இங்கயும் அனுப்பிருவாங்க," என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தாள் அண்ணி.

மூன்றாவதாகப் பார்க்க வந்த இந்த டாக்டரம்மா மூக்குத் தழும்பை விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் சிவக்கும்வரை பார்த்தார்.

"ரத்தம் மெதுவாத்தான் வருது. இந்தத் தோலை ரொம்பக் கிளறுனா கறுத்துப் போயிரும். அதனால கீழே, ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல வெட்டி உள்ள போறேன். வேற எங்கயாவது தடிச்ச தழும்பு இருக்காம்மா?"

"இல்ல." தையல்காரி சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

டாக்டரம்மா மூக்கின் அடியில் பேனாவால் கோடு போட்டுக் கண்ணாடியை நீட்டினார். அந்தக் கோட்டில் நண்டு கால் முளைப்பதுபோல் இருந்தது அவளுக்கு. மெல்லச் சட்டைக்கையைச் சுருட்டினாள்.

"அடிப்பாவி! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்றாள் அண்ணி.

டாக்டரம்மா தழும்பைத் தடவிப் பார்த்தார். "ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா செய்ய மாட்டீங்கன்னு..."

"வெளியே வெட்ட மாட்டேன், அது நிஜம்." பஞ்சால் கோட்டைத் துடைத்தார். "மூக்குக்குள்ளாறவே செய்யலாம். ஆனா நீங்க நினைக்கிற நேர் மூக்கு வராது. மேடு கொஞ்சம்தான் குறையும்."

"கொஞ்சம்னா எவ்வளவு? ஒரு நூலா?" தையல்காரி பையிலிருந்து டேப்பை எடுத்து, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நகத்தால் காட்டினாள்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "இதுல பாதி."

அரை நூல். ஜாக்கெட்டில் அரை நூல் பிசகினால் அவளே பிரித்துத் தைப்பாள். டேப்பைச் சுருட்டினாள். பாதி சுருட்டி நிறுத்தினாள்.

"மூச்சு போகுமா?"

"பெரும்பாலும் போகும்."

"அப்ப தேதி சொல்லுங்க."

அண்ணி பெருமூச்சு விட்டாள். "போகட்டும். உன் குறட்டையாவது நின்னா, உங்க அண்ணன் நிம்மதியா தூங்குவாரு."