நாற்பத்தோராவது பை

1

இந்தக் கதை ஓர் எண்ணிக்கைப் பிழையில் தொடங்கியது. பிழை ஹுஸ்னியாவுடையது. (கொஞ்சம் என்னுடையதும்தான். பைகள் நாற்பது என்று எழுதிவைத்தவன் நான்.)

'கொட்டியாரக் குடாவுக்கு மேலே விடிகிறபோது…' வேண்டாம். விடியலில் தொடங்காத திருகோணமலைக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

'ஹுஸ்னியா, வயது முப்பத்திரண்டு, கிண்ணியா. பூக்களின் பிறப்புரிமையியலை, அதாவது மரபியலை, ஆராய்கிறவள்…' இது அடையாள அட்டை மாதிரி இருக்கிறது. ஆனாலும் விட்டுவிடுகிறேன், உங்களுக்கு ஆளைத் தெரிய வேண்டுமே.

2

சல்லிக் கடற்கரையில் உடைந்த வேலியொன்றின்மேல் அடம்பன் கொடி ஏறிப் படர்ந்திருக்கிறது. ஊதாப் பூ காலையில் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். அதற்கொரு வீம்பு: தன் மகரந்தம் தன்மேல் விழுந்தால் ஏற்காது. இன்னொரு கொடியிலிருந்து வண்டு கொண்டுவந்தால்தான் காய்க்கும். அந்த வீம்புக்குக் காவல் ஒரு பரம்பரையலகு, அதாவது மரபணு. அது எப்போதாவது பழுதானால் பூ தனக்குத் தானே காய்க்கத் தொடங்கும். வண்டு வராத கரையில் வீம்புக்காரப் பூக்கள் வாரிசில்லாமல் போக, பழுதானது பெருகும். கூர்ப்பு என்கிற பரிணாமம் சில இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. பிறகு தலைமுறை தலைமுறையாகப் பூ சிறுக்கும், தேன் வற்றும். இனி யாருக்காகச் சோடிக்கிறது?

[அடிக்குறிப்பு: தானே எழுதித் தானே மெச்சிக்கொள்ளும் கதைக்காரனுக்கும் இதே கதிதான். என்னைச் சொல்லவில்லை.]

அந்தப் பழுது சல்லியில் நடந்திருக்கிறதென்று ஹுஸ்னியா நான்கு வருடமாக நம்பினாள். நாற்பது மொட்டுகளுக்கு வலைத்துணிப் பை கட்டினாள். வண்டு நுழையாத பைக்குள் ஒரேயொரு காய் பிடித்தால் போதும். பிடிக்காவிட்டால் இந்த மாதத்தோடு ஆய்வை மூடச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

3

மூன்று கிழமை கழித்து வந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மத்தியான வெயிலில் தூரத்துக் கப்பல்கள் அசையாமல் நின்றன. காற்றும் அரைத்தூக்கத்தில் இருந்தது. நாற்பதும் வெறுமை. மணலில் குந்தி அழுதாள், பாவம்.

கண்ணைத் துடைத்தபோது இன்னொரு பை ஆடிக்கொண்டிருந்தது. சிவப்புப் பட்டு, மூன்று முடிச்சு. தொட்டுப் பார்த்தாள். உள்ளே உருண்டையாக ஒரு காய்.

"அல்லாஹ்வே!"

4

இந்த இடத்தில் யாரும் வருவதாக நான் எழுதியிருக்கவில்லை. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த சிவக்கொழுந்து, பாயை உதறிவிட்டுத் தானாகவே வந்தார்.

"பிள்ளை, அதில கை வையாதேங்கோ. அது என்ர."

"நீங்க கட்டினதா, அக்கா?"

"ஓம், நான்தான் கட்டினனான். எல்லாரும் தொட்டில் கட்டியிருக்கினம் எண்டு பாத்தன். என்ர மகள் லக்சாயினிக்கு ரெண்டு தரம் வயித்தில தங்கேல்லை. அவளின்ர கலியாணக் கூறையில ஒரு துண்டு கிழிச்சு நானும் கட்டினன்."

அம்மனிடம் பிள்ளை வரம் கேட்டு மரத்தில் துணித்தொட்டில் கட்டுகிற வழக்கம் அவருடையது. ஹுஸ்னியாவின் பைகள் அவருக்கு நாற்பது தாய்மாரின் நேர்த்திக்கடனாகத் தெரிந்திருக்கின்றன.

"நாப்பது பேருக்குப் பிள்ளையில்லையே எண்டு அழுதும் போட்டன்."

ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பு வந்தது. "கட்டேக்க அது மொட்டா, விரிஞ்ச பூவா அக்கா?"

அதில்தான் எல்லாம் இருந்தது. மொட்டென்றால் அது தானே காய்த்தது. விரிந்த பூவென்றால் வண்டின் வேலை.

"கண் நிறையத் தண்ணி, பிள்ளை. நான் எதைக் கண்டன்?"

காயை அறுத்து விதையைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றாள் ஹுஸ்னியா. சிவக்கொழுந்து பட்டு முடிச்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"அது தன்ரபாட்டில காய்ச்சதெண்டு வந்தா, அம்மாளாச்சி தரேல்லை எண்டுதானே கருத்து?"

ஹுஸ்னியா தோள்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

5

முடிவு அ: அறுக்கிறாள். நான்கு விதைகள், நான்கிலும் தாய்க்கொடியின் அடையாளம் மட்டுமே. ஹுஸ்னியாவுக்குப் பெயர் கிடைக்கிறது. சிவக்கொழுந்து அதன்பிறகு அந்தக் கரையில்… வேண்டாம்.

முடிவு ஆ: பையை அப்படியே விட்டுவிட்டுக் கிண்ணியா பஸ் ஏறுகிறாள். நல்லவள் என்ற பெயருக்கு நான்கு வருடத்தைக் கொடுப்பதா? எனக்கு மனம் வரவில்லை.

கத்தரிக்கோல் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: லக்சாயினிக்கு இந்த மாதம் நாள் தள்ளிப்போயிருக்கிறது. பயத்தில் தாயிடம்கூட அவள் சொல்லவில்லை. இந்தக் கடற்கரையில் அது தெரிந்தவர்கள் நானும் நீங்களும்தான்.

முடிச்சு மூன்று. அவிழ்ப்பதென்றால் நீங்களே அவிழுங்கள்.