பதினேழாம் நம்பர் ரூம்

மெட்ராஸுக்குப் போயே தீர வேண்டும் என்று ஆனதற்கு டிசம்பர் மாதம்தான் காரணம். ரெட்டிபாளையத்தில் ராசாங்கம் வேலை பார்த்த சிமெண்ட் ஆலையில், நிரந்தரத் தொழிலாளிகள் நாலு வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு வெளியூர் போய்வரச் சலுகை உண்டு. வருடம் முடிவதற்குள் போகாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும். பேக்கிங் செக்‌ஷனில் மூட்டை ஏற்றும் ராசாங்கத்துக்கு எண்பத்திரண்டாம் வருடம்தான் அது முதல்முதலாக வந்தது. மழை விடட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் டைம் ஆபீஸில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அவன் குடும்பத்தில் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று யாரும் எங்கேயும் போனதில்லை. அவனுடைய அப்பா அடுத்தவர் வயலில் நடந்தே தீர்ந்த மனிதர். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி இந்த மூன்றுக்குத் தவிர பஸ் ஏறியதில்லை. அதனால் போவது என்று முடிவானதும் ராசாங்கத்துக்கு ஒரு பதற்றம் வந்துவிட்டது. போய் என்ன பார்ப்பது, எங்கே தங்குவது என்று கூட வேலை செய்த தர்மராஜிடம் கேட்டான். தர்மராஜ் இரண்டு தடவை மெட்ராஸ் போய்வந்தவன். சிமெண்ட் பை கிழிசலில் பேனாவால் எழுதியே கொடுத்துவிட்டான். செத்த காலேஜ், உயிர் காலேஜ், பதினாலு மாடி எல்.ஐ.சி., பீச்சு, சமாதி, லைட் ஹவுஸ், பாம்புப் பண்ணை, மூர் மார்க்கெட், வடபழனி கோயில், மயிலாப்பூர் கோயில் என்று பத்து இடம். ஒன்றை விட்டாலும் போனதே தண்டம் என்று வேறு சொல்லி அனுப்பினான்.

பிள்ளைகள் மூன்றுக்கும் அரைப் பரீட்சை. தா.பழூரிலிருந்து மாமியார் ரெங்கம்மாள் வந்து வீட்டில் இருந்துகொண்டாள். ராசாங்கமும் கொளஞ்சியம்மாளும் மட்டும் அரியலூரில் காலை வண்டி ஏறினார்கள். கல்யாணமான பதினேழு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் மட்டுமாகப் போன முதல் பயணம் அது. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டோமா, அம்மாவிடம் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தைச் சொன்னோமா என்று விருத்தாசலம் வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு சும்மா வெளியே பார்த்தாள்.

எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் மூன்று லாட்ஜுகளில் இடமில்லை என்று சொல்லக் கேட்டு, நாலாவதில் ரூம் கிடைத்தது. மேனேஜர் அமிர்தலிங்கம் அறுபது வயதுக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள், எதற்காக வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பேரேட்டை நகர்த்தினார். இரண்டாம் மாடி, பதினேழாம் நம்பர். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ஃபேன், சுவரைப் பார்த்த ஜன்னல். மூலையில் குளியலறை. கொளஞ்சி முதலில் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள்.

"எந்நேரமும் வருமா?" என்று கேட்டாள்.

வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ராசாங்கம் அவளைக் கிளப்பிவிட்டான்.

அன்று மத்தியானம் செத்த காலேஜ் என்கிற மியூசியத்துக்குப் போனார்கள். கல் சாமிகளையும் திமிங்கல எலும்பையும் பார்த்தார்கள். அங்கிருந்து பஸ் பிடித்து மவுண்ட் ரோடு. பதினாலு மாடியை எதிர்ச்சாரியில் நின்று எண்ணியதில் ஒரு தடவை பதின்மூன்று வந்தது, மறுபடி எண்ணினான். பிறகு சமாதி, பீச்சு. ராசாங்கம் முன்னால் நடந்தான், கொளஞ்சி பத்தடி பின்னால் வந்தாள். அவளுடைய புதுச் செருப்பு கடித்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். ஈர மணலில் உட்கார்ந்தவள், எழுந்திரு என்று அவன் சொன்னபோது கொஞ்ச நேரம் எழாமலே இருந்தாள். அவனுக்கும் கால் விண்ணென்று தெறித்தது. ஒரு ஷிப்டு முழுக்க மூட்டை ஏற்றினால்கூட இப்படி அசதி வராது என்று தோன்றியது. ஆனால் பத்தில் நாலுதானே முடிந்திருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் தலைவாரிக்கொண்டு நிற்கும்போது, கொளஞ்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரலீங்க" என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."

உடம்புக்கு என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். கால் வலியா என்றான். அதுவும் இல்லை என்றாள். அவனுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து ரூமில் உட்கார்ந்திருப்பதற்கா லீவு போட்டேன், ஊரில் கேட்டால் என்ன சொல்வேன், உனக்கென்று ஒன்றைச் செய்தால் அதை அனுபவிக்கத் தெரியவில்லையே என்று குரலை உயர்த்தினான். அவன் பேசி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொள் என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

உயிர் காலேஜில் பாதிக் கூண்டுகள் காலியாகக் கிடந்தன. ஊருக்கு வெளியே புது இடம் தயாராகிறது, மிருகங்களை அங்கே கொண்டுபோகிறார்கள் என்று காவலாளி சொன்னார். ஒரு புலி படுத்திருந்தது. குழந்தைகள் கத்திக் கூப்பிட்டும் அது தலையைத் தூக்கவில்லை. ராசாங்கம் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றான். பக்கத்தில் யாரும் இல்லாததால் எதையும் காட்டிப் பேச முடியவில்லை. மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து மறு வாசலில் வெளியே வந்தான். பெரிய மகளுக்கு ஒரு பேனாவும் சின்னவனுக்கு ஒரு பந்தும் வாங்கினான். காலையில் பேசியது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. வடபழனி பஸ்ஸுக்காக நின்றவன், பஸ் வந்தும் ஏறாமல், சாப்பாட்டு நேரத்துக்கு லாட்ஜுக்குத் திரும்பிவிட்டான்.

கதவைத் தட்டினான். பதில் இல்லை. குளிக்கிறாள் என்று நினைத்து நின்றான். மறுபடி தட்டினான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கை வலிக்கும்வரை தட்டினான். பக்கத்து ரூம்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். துணி வியாபாரத்துக்கு வந்த ஒருவர், நான் காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், அந்தக் கதவு திறக்கவே இல்லை என்றார். அதற்குள் யாரோ போய்ச் சொல்ல, அமிர்தலிங்கம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"காலையில ரெண்டு பேருக்கும் எதாச்சும் சண்டையா தம்பி?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

ராசாங்கம் இல்லை என்று தலையாட்டினான். பிறகு, கொஞ்சம் சத்தம் போட்டேன் என்றான்.

அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன ஆடியில் இதே மாடியில் இப்படித்தான் ஒரு கதவு திறக்கவில்லை, உடைத்துத்தான் பிணத்தை எடுத்தார்கள் என்று சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம். ராசாங்கம் இரண்டு கையாலும் கதவை அறைய ஆரம்பித்தான்.

"பதறாதீங்க. உங்க சம்சாரம் நல்லா அசந்து தூங்குற ஆளா?" என்று கேட்டார் அமிர்தலிங்கம்.

ராசாங்கம் வாயைத் திறந்தான். அவனுக்குத் தெரியாது. காலனிக் குழாயில் தண்ணீர் விடியற்காலை மூன்றரைக்கு வரும், அவள் அப்போதே எழுந்துவிடுவாள். முதல் ஷிப்டு என்றால் ஐந்து மணிக்கு, ஆலைச் சங்கு ஊதுமுன், அவனுக்குச் சோறு தயாராக இருக்கும். இரண்டாம் ஷிப்டு முடிந்து பதினோரு மணிக்கு மேல் வந்தால், எழுந்து உட்கார்ந்து பரிமாறுவாள். இரவு ஷிப்டு முடிந்து வந்து அவன் பகலில் படுத்தால், பிள்ளைகளையும் ஆட்டையும் வீட்டுப் பக்கம் அண்டவிடாமல் வாசலில் இருப்பாள். மாதத்துக்கு மூன்று தினுசாக மாறும் அவனுடைய தூக்கத்துக்கு, தெருவே தெரிந்து சத்தம் குறைத்துக்கொள்ளும். அவள் எப்போது தூங்குகிறாள் என்று அவன் யோசித்ததில்லை. புரண்டு படுப்பாளா, குறட்டை விடுவாளா, ஒரு குரலுக்கு எழுந்துகொள்வாளா? பதினேழு வருடத்தில் அவள் தூங்கும் முகத்தை அவன் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததாக ஞாபகம் வரவில்லை.

"தெரியலீங்க" என்றான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில், வராந்தாச் சுவரில் சாய்ந்து, தோளில் ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிற அந்த ஆள் விக்கி விக்கி அழுதான்.

லாட்ஜைக் கூட்டித் துடைக்கும் அரியமுத்து என்பவர் ஸ்டூல் போட்டு ஏறி, கதவுக்கு மேலே இருந்த காற்றுத் திறப்பு வழியாகப் பார்த்தார். அம்மா படுத்திருக்கிறார்கள் என்றார். அசைவு இருக்கிறதா என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றார். அம்மா, அம்மா என்று இரண்டு குரல் கொடுத்துப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய், ஒட்டடைக் கம்பின் நுனியில் கம்பியை வளைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அதை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவினார். மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை விலகியது.

எல்லோரையும் தள்ளிக்கொண்டு ராசாங்கம் உள்ளே போனான்.

கொளஞ்சி மல்லாந்து கிடந்தாள். கால் ஒன்று கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. மார்பு ஏறி ஏறி இறங்கியது. மெதுவாக ஒரு குறட்டை, சின்னப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் வருகிற மாதிரி. அவன் குனிந்து அவள் பாதத்தைத் தொட்டான். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டும் அவள் உடனே எழவில்லை. தோளை அசைத்தபிறகு கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவனையே பார்த்தாள்.

"சங்கு ஊதியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே எழப் பார்த்தாள். "இருங்க, அடுப்பைப் பத்த வைக்கிறேன்."

"இன்னும் ஊதல" என்றான் ராசாங்கம். "நீ படு."

அப்போதுதான் அவள் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து முந்தானையை இழுத்துக்கொண்டாள். அமிர்தலிங்கம் எல்லோரையும் போகச் சொன்னார். துணி வியாபாரி சிரித்தார். அரியமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, தூங்கட்டும், கதவை நான் சாத்துகிறேன் என்றார். அமிர்தலிங்கம் படியிறங்கும்போது நின்று, தனக்கு இப்போது ஒரு வாய் காபி வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

என்ன நடந்தது என்று கேட்டபோது கொளஞ்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது. விடியற்காலை இங்கேயும் மூன்றரைக்கே விழிப்பு வந்துவிட்டதாம். எழுந்து குழாயைத் திறந்தாளாம். பிடிக்கக் குடமும் இல்லை, வேலையும் இல்லை. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாளாம். அவன் கிளம்பிப் போனதும் கொஞ்சம் தலையைச் சாய்ப்போம் என்றுதான் படுத்தாளாம். கோபமா என்று அவனைக் கேட்டாள். அவன் இல்லை என்றான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். புலி பார்த்தேன், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது என்றான். அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண் செருகியது. சாயங்காலம் வரைக்கும் மறுபடி தூங்கினாள்.

அவன் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது. அது எப்போது பட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. முன் தலையில் நரை கூடியிருந்தது. தூக்கத்தில் அவள் விரல்கள் அடிக்கடி மடங்கி விரிந்தன. அவள் எழுந்ததும் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டான். முந்திரிக் கொட்டை பொறுக்கப் போனபோது கிளை குத்தியது, அப்போது பெரியவள் கைப்பிள்ளை என்றாள். நீங்கதான் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீங்க, மறந்துட்டீங்களா என்றாள். அவன் மறந்திருந்தான்.

இருட்டியதும் கீழே ஓட்டலுக்குப் போனார்கள். என்ன வேண்டும் என்று சர்வர் வந்து கேட்டபோது, கொளஞ்சி ராசாங்கத்தைப் பார்த்தாள். உன்னைத்தான் கேட்கிறார் என்றான். அவள் ரொம்ப நேரம் யோசித்து, பூரி என்றாள். சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் இலையை எடுக்கப் போனாள். சர்வர் வேண்டாமென்று கை காட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு, ஃபேனுக்கடியில், எழாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் எங்கேயும் போகவில்லை. லைட் ஹவுஸ் பார்க்காமல் போகலாமா என்று அமிர்தலிங்கம் கேட்டார். அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறோம் என்று ராசாங்கம் சொன்னான். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனும் படுத்தான். ஆளுக்கொரு கட்டிலில், ஃபேன் காற்றில், வெளியே எழும்பூர் வண்டிகள் ஊதிக்கொண்டிருக்க, மத்தியானம் இரண்டு மணி வரை இரண்டு பேரும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்கள். அவனுக்குள் அவ்வளவு அசதி இருந்தது என்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்த மறுநாள் அவனுக்கு இரண்டாம் ஷிப்டு. பேக்கிங் செக்‌ஷனில் தர்மராஜ் பிடித்துக்கொண்டான். பாம்புப் பண்ணை எப்படி, லைட் ஹவுஸில் ஏறினாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பொய் சொல்ல ராசாங்கத்துக்குத் தெம்பு இல்லை.

"அதெல்லாம் போவலப்பா. ரூம்லயே படுத்துக் கிடந்தோம்."

சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். தர்மராஜ் ராசாங்கத்தின் முதுகில் தட்டினான். அவர்கள் நினைப்பது போல் இல்லை என்று சொல்லத்தான் ராசாங்கம் வாயெடுத்தான். கதவு, ஒட்டடைக் கம்பு, தனக்குப் பதில் தெரியாமல் போன அந்தக் கேள்வி, எல்லாவற்றையும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தான். அதற்குள் பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. தூசி எழும்பியது. துண்டை மூக்குக்குக் கட்டிக்கொண்டு, முதல் மூட்டைக்குத் தோளைக் கொடுத்தான்.