குனிந்து நின்ற விளக்குக்கம்பம்

வாருங்கள் செல்லங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் குரல் முன்னைப்போலத் தூரம் போகாது. இன்றைக்கு ஒரு பஸ்ஸுக்குள் நடந்த கதை சொல்கிறேன். முடியும்வரை யாரும் இறங்கக் கூடாது.

எங்கள் அப்பா பஸ் டிரைவர். பள்ளி விட்டதும் அக்காவும் நானும் அவர் வண்டியில் ஏறி, அவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்துகொள்வோம். டிப்போ போய்ச் சேரும்வரை அதுதான் எங்கள் வீடு. சீட்டுக் கிழிசலில் விரலை விட்டுப் பஞ்சு பிடுங்குவது என் வேலை, கதை சொல்வது அப்பா வேலை. அந்தப் பஞ்சின் சொரசொரப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. ஆனால் வண்டி ஓடும்போது அப்பா வாயே திறக்க மாட்டார். சிக்னலிலும் ஸ்டாப்பிலும் மட்டும்தான் கதை நகரும்.

எங்களுக்கு எது வலித்ததோ அது கதைக்குள் வந்துவிடும். எனக்கு முன்பல் விழுந்து எல்லோரும் சிரித்த வாரம், அப்பாவின் கதையில் ராஜகுமாரியின் தலைச்சிக்கை எடுத்தது ஒரு பல் போன சீப்புதான்.

அக்காவின் வலி அவள் உயரம். பள்ளியில் 'மேல மழை பெய்யுதா?' என்று கேட்டுக் கேட்டே அவளைக் கூன் போட வைத்துவிட்டார்கள். விளையாட்டு விழாவில் கொடி பிடித்து முன்னால் நடக்க டீச்சர் அவளைத்தான் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு முடியாதுன்னு சொல்லிடப் போறேன்ப்பா," என்றாள் ஏறியதுமே.

அப்பா வண்டியை எடுத்தார். முதல் சிக்னலில் கதையை ஆரம்பித்தார். ஒரு தெருவில் ஒரு விளக்குக்கம்பம் மட்டும் ரொம்ப உயரம். மற்ற கம்பங்கள் கேலி செய்ய, அது வெட்கப்பட்டுக் குனிந்து குனிந்து, கடைசியில் தன் காலுக்கு மட்டும் வெளிச்சம் போட்டுக்கொண்டு நின்றது.

பச்சை விழுந்தது. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

கூடையோடு பக்கத்தில் இருந்த காய்கறிக்கார அம்மா விடவில்லை. "அப்புறம் என்னாச்சு தம்பி? அடுத்த ஸ்டாப்புல நான் இறங்கணும்ல?"

அப்பா ரோட்டையே பார்த்தார். எங்கள் கண்டக்டர் மாமா யாரையும் மனக்குறையோடு இறக்கிவிடாத மனுஷர்; கதையை அவரே முடித்துவைத்தார்.

"அப்புறம் என்ன, கரண்ட் ஆளுங்க வந்து மேல ரெண்டு முழம் அறுத்தாங்க. எல்லாம் ஒரே அளவாச்சு, கேலியும் நின்னுது. கூடையை எடுங்கம்மா."

மாமா குள்ளம். மணிக்கயிற்றை எட்ட ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு குதி குதிப்பார். அவருக்கு அது நல்ல முடிவாகத்தான் பட்டிருக்கும். வண்டியே சிரித்தது. அக்கா இன்னும் குறுகினாள். கண்ணாடியில் அப்பாவின் கண்கள் தவித்தன. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருந்ததே.

"அறுக்கல," என்றாள் அக்கா மெதுவாக.

"என்ன பாப்பா?"

"அறுக்கல மாமா. அறுத்தா பின் தெருவுக்கு யாரு வெளிச்சம் குடுப்பா?" சொன்ன வேகத்தில் எழுந்து நின்றுவிட்டாள்.

"பின் தெரு எங்கேர்ந்து வந்துச்சு?"

"சுவருக்கு அந்தப் பக்கம். அங்க கம்பமே கிடையாது. ஒருநாள் இதுக்கு முதுகு வலி தாங்கல, சோம்பல் முறிச்சு நிமிர்ந்துச்சு. வெளிச்சம் சுவர் தாண்டி விழுந்துச்சு. அங்க இருந்த பிள்ளைங்க நிலா வந்துடுச்சுன்னு வெளிய ஓடி வந்தாங்க. அப்புறம் அது குனியவே இல்ல. குனிஞ்சா அவங்க விளையாட்டு நின்னுடும்ல."



"ஐயோ, என் ஸ்டாப்பு," என்றார் காய்கறிக்கார அம்மா.

மாமா குதிப்பதற்குள் அக்கா கையை நீட்டிக் கயிற்றை இழுத்தாள். டிங். அவள் எக்கக்கூட இல்லை.

"இத்தனை வருஷமா நான் தவளை மாதிரி குதிக்கிறேன். இவ கொடியில காயற துணியை எடுக்கிற மாதிரி இழுக்கறா," என்றார் மாமா.

வண்டி நின்றது. அப்பா இப்போது பேசலாம். திரும்பிப் பார்த்து, "என் கதையில நிலா கிடையாதும்மா. உன்னோடதுதான் நல்லா இருக்கு," என்றார்.

மறுநாள் அக்கா டீச்சரிடம் முடியாது என்று சொல்லவில்லை. விழாவன்று கொடியோடு முன்னால் நடந்தாள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் மைதான வேலிக்கு வெளியே எங்கள் பஸ் மெல்லப் போனது, ஸ்டாப்பே இல்லாத இடத்தில் மணி விடாமல் அடித்தது. கண்டக்டர் மாமா எத்தனை குதி குதித்தாரோ, பாவம்.

சரி செல்லங்களா, இனி இறங்கலாம். உங்கள் வீட்டு வாசல் நிலை உயரமாய் இருக்கட்டும். யாரும் குனியாமல் உள்ளே வரட்டும். உங்கள் விளக்கின் வெளிச்சம் பின் தெருவரை போகட்டும்.