போ என்றது யார்?

சிவகாசியில் பட்டாசு லேபிள் வடிவமைக்கும் நசிமாவுக்கு அந்த ஆர்டர் தஹீத்தித் தீவிலிருந்து வந்தது. கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரே சொல்: 'போ'. அர்த்தம் தெரியாமல் அவள் எதையும் அச்சுக்கு அனுப்பமாட்டாள். தேடிப் பார்த்தாள். தஹீத்தி, ஹவாய், மாவோரி மொழிகள் மூன்றிலும் போ என்றால் இரவு. உயிரெல்லாம் அந்த இருட்டிலிருந்துதான் வந்ததாம். செத்தவர்கள் போய்ச் சேர்வதும் அங்கேதானாம். சீனத்திலோ, இறந்த பிறகும் உடம்போடு தங்கிவிடும் ஆவிக்கு அந்தப் பெயர்.

மாதிரி லேபிள்களோடு எம். புதுப்பட்டி ஆலைக்குப் போனபோது, லேபிள் ஒட்டும் பொன்னுத்தங்கத்திடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னாள். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"செத்தவக இருக்க எடத்துக்கா அந்தப் பேரு?"

"ஆமாக்கா. ஏன்?"

அவர் கடைசி அறையைக் காட்டினார். மூன்று வருடத்துக்கு முன் அங்கே நடந்த வெடிவிபத்தில் அவர் மகள் ஸ்ரீமதி இறந்துபோனாள். புதுக்கூரை போட்டு வெள்ளையடித்தும் அந்த அறை பூட்டியே கிடந்தது.

"மத்தியானம் அந்தப் பக்கம் போனா 'போ'ன்னு அவ கொரலு கேக்கும் தாயி. பெத்தவளயே வெரட்டுதாளேன்னு நான் அங்கன எட்டிக்கூடப் பாக்கல. அவ இருக்க எடத்தயில்லா சொல்லியிருக்கா!"

"அது வேற பாஷைக்கா. நம்ம ஊருப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

"செத்தவகளுக்கு எந்தப் பாஷைன்னு நீ கண்டியா?"

அடுத்த வாரம் லேபிள் கட்டுகளோடு நசிமா வந்தது சாப்பாட்டு நேரம். எல்லோரும் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். பொன்னுத்தங்கம் மட்டும் கடைசி அறை வாசலில் உட்கார்ந்து இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்கக்கா, போலாம்."

அறைக்குள்ளிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது. இந்தமுறை சொல் வேறு.

"வா."

பொன்னுத்தங்கம் எழுந்து பூட்டைப் பிடித்தார். துருவேறிய பூட்டு அவர் கையோடு வந்துவிட்டது. நசிமா அவரை இடுப்போடு கட்டிப்பிடித்து கேட் வரை இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பூட்டை உடைத்ததாக வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பொன்னுத்தங்கம் இப்போது தாயில்பட்டியில் வேறொரு ஆலையில் வேலை பார்க்கிறார். நசிமா இரண்டு முறை தேடிப் போனாள். முதல் முறை அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் முறை ஒன்றே ஒன்று கேட்டார்.

"மூணு வருசங்கழிச்சு எம்மக என்னயக் கூப்பிட்டா. நீ ஏந்தாயி இழுத்தே?"